தம்பி வைத்த தீயல்

என் அத்தான் பகவதியப்பன் 1951-ஆம் வருஷம் பங்குனி மாதத்தில், நான்கே நாட்களில் பதினோரு சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கு முன்னால், நாற்பத்துநான்கு வயதுவரைக்கும், அவர் காசு கொடுத்து வெளியே ஒரு காப்பி குடித்ததுகூடக் கிடையாது. அந்த நான்கு நாளும் கூட இருந்தவன் நான். சாப்பாடு என்றால் சுயம்புலிங்கத்தை யாரும் கூப்பிட வேண்டியதில்லை, அவனே வந்துவிடுவான் என்று என்னைப் பற்றி என் அக்கா, அத்தானின் மனைவி தாணம்மாள், சொல்வாள். அவள்தான் என்னை அத்தானோடு அனுப்பினாள். வடசேரியில் நான் வேலை பார்த்த பலசரக்குக் கடையில் நான்கு நாள் லீவு கேட்டதற்கு முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். போகாமல் இருந்திருக்கலாம் என்று இன்றுவரைக்கும் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அத்தான் பூதப்பாண்டிக்காரர். கல்யாணச் சமையல்காரர், எங்கள் பக்கத்தில் தவசிப்பிள்ளை என்பார்கள். அவர் எந்த நாளில் சும்மா இருக்கிறார் என்று கேட்டுவிட்டு முகூர்த்தம் குறித்த வீடுகள் உண்டு. ஆள் ஒல்லி. ஊருக்கெல்லாம் பொங்கிப்போடுகிற மனிதருக்கு ஒரு தொந்தி வேண்டாமா என்று நான் கேலி செய்வேன். சிரிக்கமாட்டார். சமையலுக்கென்று கல்யாண வீட்டில் போடுகிற ஓலைப் பந்தலுக்கு ஆக்குப்புரை என்று பெயர். அதற்குள் அவர் நுழைந்துவிட்டால் பெண்ணைப் பெற்றவர்கூட வெளியே நின்றுதான் பேசவேண்டும்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. சமைக்கிறவன் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது. விளக்கின் முன்னால் முதல் இலை போட்டுப் படைத்த பிறகுதான் மனிதன் வாயில் படவேண்டும். அதற்கு முன்னால் ஒரு துளி பட்டாலும் வார்ப்பு என்கிற அந்தப் பெரிய பாத்திரம் முழுவதும் எச்சில். உப்பு போதுமா, புளி கூடிவிட்டதா என்பதை மூக்குதான் சொல்லவேண்டும். மற்ற தவசிப்பிள்ளைகளும் இதையே சொல்வார்கள், ஆனால் அவசரத்துக்குக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வார்கள். அத்தான் மூடமாட்டார். பந்தி எல்லாம் முடிந்த பிறகாவது தான் ஆக்கியதைச் சாப்பிடுவாரா என்றால் அதுவும் இல்லை. பதினாறு மணி நேரம் புகையிலும் வாடையிலும் நின்றவருக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். ஒரு சட்டி கஞ்சியும் ஒரு துண்டு நார்த்தங்காயும் போதும் என்பார்.

அவருடைய தம்பி கோலப்பன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது கோலப்பனுக்குப் பத்து வயது, அத்தானுக்கு இருபத்துநான்கு. அத்தானும் அக்காவும்தான் அவனை வளர்த்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கோலப்பன் சோறு கேட்பதற்குள் அக்கா இலை போட்டுவிடுவாள். வளர்ந்ததும் அண்ணனோடு ஆக்குப்புரைக்குள் போனான். போகப்போகத் தீயல் அவன் பொறுப்பு ஆயிற்று. தேங்காயைக் கறுக்க வறுத்து அரைத்து, உள்ளி என்கிற சின்ன வெங்காயமோ வழுதலங்காய் என்கிற கத்தரிக்காயோ போட்டுப் புளிவிட்டுக் கொதிக்கவைக்கிற குழம்பு அது. எல்லோரும் வறுக்கிற பதத்துக்கு மேலே இன்னும் ஒரு நிமிஷம் வறுப்பான் அவன். கரிந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போது இறக்குவான். வாயில் வைத்தால் முதலில் லேசாகக் கசக்கும். விழுங்கின பிறகு தொண்டையில் ஒரு தித்திப்பு நிற்கும். அவன் தீயல் வைத்த கல்யாணம் எதையும் நான் தவறவிட்டதில்லை.

1949 ஆவணியில் தாழக்குடியில் ஒரு பெரிய கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்திக்கு இலை போடப் போகிறார்கள். அத்தான் திரும்பிப் பார்க்கிறபோது கோலப்பன் தீயல் வார்ப்பின் பக்கத்தில் நின்றுகொண்டு வாயில் விரலை வைத்திருக்கிறான்.

அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த பெரிய கரண்டியால் அவன் தோளில் இரண்டு போட்டார். இருபத்தெட்டு வயது ஆள். சம்பந்திமார், காய் வெட்டுகிறவர்கள், கிணற்றில் தண்ணீர் கோருகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு நான்கு பேரை விட்டு வார்ப்பைத் தூக்கச் சொல்லி, முந்நூறு இலைக்கான தீயலைப் பின்னால் ஓடிய கால்வாயில் கொட்டச்சொன்னார். பெண்ணின் தகப்பனார் கையைப் பிடித்துக் கெஞ்சியும் கேட்கவில்லை.

“எச்சிலத் தின்னக் குடுக்கதுக்கா என்னைய விளிச்சிய?” என்று அவரிடமே கேட்டார்.

கோலப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து அம்மிமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தான். அன்று பந்தியில் தீயல் இல்லாமல் சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அவன் வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்தோம். போகவில்லை.

அத்தான் ஒன்றரை வருஷம் அவன் பெயரைச் சொல்லவில்லை. அக்கா சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். 1951 மாசியில் இறச்சகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தேங்காய் துருவ வந்த இசக்கி, பேச்சுவாக்கில், அவரிடமே சொல்லிவிட்டாள்.

“அண்ணைக்கு அவன் ருசி பாக்கல்ல அண்ணாச்சி. கொதிக்க தீயலு தெறிச்சு வெரலு வெந்துபோச்சு. அந்த வெரலத்தான் வாயில வச்சான். நான் பக்கத்துலதானே இருந்தேன்.”

“அப்ப நீ ஏம்ட்டி சொல்லல்ல?”

“நீங்க அண்ணைக்கு யாரு சொல்லக் கேட்டிய?” என்றாள் அவள்.

அன்று அத்தான் சமையலைப் பாதியில் கையாளிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அப்படி அவர் செய்தது அதுவரை இல்லை. மூன்று நாள் வாசல் பக்கம்கூட வரவில்லை. நான்காம் நாள் அக்கா எனக்கு ஆள் அனுப்பினாள்.

கோலப்பன் எங்கேயோ சாப்பாட்டுக் கடையில் சமையலுக்கு நிற்பதாக ஒரு பஸ் கண்டக்டர் சொல்லியிருந்தார். தக்கலைக்கு மேற்கே, திருவனந்தபுரத்துக்கு இந்தப் பக்கம் என்பதற்குமேல் அவருக்கும் தெரியாது. ஒவ்வொரு கடையாக ஏறி விசாரித்துவிடலாம் என்றேன் நான்.

“கேக்கப்பிடாது மக்கா,” என்றார் அத்தான். “நல்ல சமையக்காரனத் தேடி ஆளு வந்தா, கொத்திட்டுப் போக வந்திருக்கான்னு மொதலாளி ஒளிச்சு வச்சிருவான். நான் தேடுகேன்னு கேட்டா அவனே எந்திரிச்சு ஓடிருவான். நாம போயிச் சாப்பிடுவோம். தின்னு பாத்து, அவன் கைதான்னு தெரிஞ்சா நேர உள்ள போயிருவோம்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தம்பி கைப்பக்குவம் அவ்வோளுக்குத் தெரியாதா?” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பத்து வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் நின்றவர்கள்.

முதல் நாள் வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம். அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். மேற்கே போகப்போக இலையில் சோறு குறைந்து மரச்சீனிக் கிழங்கு கூடியது. தக்கலையில் ரசவடை கிடைத்தது, மூன்று தின்றேன். மார்த்தாண்டத்தில் புட்டும் பயறும் பப்படமும், அதற்குப் பிறகு மசித்து மயக்கிய கிழங்கும் மீன்குழம்பும். மீன் வேண்டாம் என்று அத்தான் இலையை இழுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். வாங்கினார், ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு மென்றார், வேண்டாம் என்று தலையாட்டினார். யார் கடை, யார் சமைத்தது என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவர், அந்த நான்கு நாளும் ஒன்றையும் கேட்கவில்லை. தண்ணீர்ச் செம்பில் ஈ விழுந்திருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார்.

எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மனிதர் தம்பியைத் தேடிப் போகிறார் என்பதே எனக்கு இடையிடையே மறந்துபோயிற்று. காசு அத்தானுடையது, வயிறு என்னுடையது.

இரண்டாம் நாள் மத்தியானம் புதுக்கடைக்குப் போனோம். சந்தை நாள். ஞானதாசன் என்பவருடைய கடை. நான்கு பெஞ்சு, தட்டி வைத்து மறைத்த அடுக்களை, அதில் கறி எடுத்துக்கொடுக்க ஒரு சின்ன சன்னல். இலையில் சம்பா அரிசிச் சோறும் உள்ளித் தீயலும் வந்தன. முதல் வாயிலேயே எனக்குக் கை நின்றுவிட்டது. லேசான கசப்பு, பிறகு தொண்டையில் அந்தத் தித்திப்பு.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் மற்ற கடைகளில் போலவே கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பரிமாறுகிறவர் நாங்கள் கேட்காமலே மறுபடி வந்து அவர் இலைமேல் தீயல் கரண்டியை நீட்டினார். அத்தான் இலைக்கு மேலே கையை விரித்து, போதும் என்றார். கரண்டி அங்கேயே நின்றது. “இன்னும் கொஞ்சம்” என்றார் அந்த ஆள். அத்தான் கையை எடுக்கவில்லை. பிறகு இலையை மடித்துக்கொண்டு எழுந்து கைகழுவப் போனார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவர் தவசிப்பிள்ளை, நான் பலசரக்குக் கடையில் பருப்பு நிறுக்கிறவன். அவருக்குத் தெரியாதது எனக்கா தெரிந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். எனக்கென்று விட்டிருந்த இரண்டாவது கரண்டித் தீயலையும் வழித்துத் தின்றுவிட்டு அவர் பின்னால் ஓடினேன். இதை எழுதும்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை. மூன்றாம் நாள் சாயங்காலம் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தோம். நான்காம் நாள் காலையில் சாலைக்கடைத் தெருவில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். பலகாரத்துக்குத் தொட்டுக்கொள்ள முந்தின நாள் தீயலைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தான். அது தீயலே இல்லை. தேங்காய் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் கரி. புளி பல்லைக் கூசவைத்தது. நான் ஒதுக்கிவிட்டேன். அத்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

“மக்கா, இது அவன் வச்சதா இருக்குமா?”

நான் சிரித்துவிட்டேன். கேலி செய்யத் தெரியாத மனிதர் கடைசியில் ஒரு கேலி செய்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நிஜமாகவே கேட்டிருந்தார்.

“என்னத்தான் சொல்லுகிய? இதப் போயி அவன் வைப்பானா?”

“எனக்குத் தெரியல்ல மக்கா,” என்றார். “அவன் வச்சத நான் ஒருநாளும் தின்னதில்லையே. ஆக்குப்புரையில தின்னமாட்டேன். வீட்டுல உனக்க அக்கா பொங்குகா. தேங்கா வறுக்கும்போ அடுப்பு பக்கத்துல நின்னா மூக்கு சொல்லும், இது கோலப்பன் வறுக்கதுன்னு. எலையில வந்தா எனக்கு எல்லாம் ஒண்ணுதான். புறப்படும்போ தெரியும்னு நெனச்சேன். வில்லுக்குறியில மொத வாய் வச்சதுமே தெரிஞ்சுபோச்சு, எனக்குத் தெரியாதுன்னு.”

“அத அப்பமே எங்கிட்ட சொல்லப்பிடாதா?”

“எப்படிச் சொல்லுகது? நான் வளத்த பிள்ளையில்லா அவன்.”

நான் பலகாரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். “புதுக்கடை,” என்றேன். “அத்தான், அவன் புதுக்கடையில இருக்கான்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவேயில்லை. செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு பஸ்ஸுக்கு நடந்தார். நான்தான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். களியக்காவிளையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். கோலப்பனுக்குச் சின்ன வயதில் சொறி வந்தது, வேப்பிலை அரைத்துப் பூசினால் ஓடுவான், அவனைப் பிடிக்க அக்கா தெருமுனைவரை ஓடுவாள். இனிமேல் அவன் தனியாகக் கல்யாணங்கள் பிடிக்கட்டும், நான் அவனுக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிறேன் என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தும் பார்த்ததில்லை.

புதுக்கடையில் இறங்கும்போது மணி இரண்டுக்கு மேல். கடையில் கூட்டம் இல்லை. அத்தான் யாரையும் கேட்காமல் நேரே தட்டியைத் தாண்டி அடுக்களைக்குள் போனார். அங்கே ஒரு கிழவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

ஞானதாசன் பின்னாலேயே வந்தார். அத்தானை மேலும் கீழும் பார்த்தார்.

“நீருதானா கோலப்பனுக்க அண்ணன்?” என்று கேட்டார். “இண்ணைக்குக் காலத்தயே போயாச்சு அவன்.”

“எங்க?”

“எங்கண்ணு ஒண்ணும் பறயல்ல. வடக்க போற ஒரு லாரியில ஏறினான். ஒன்றர வருசம் எனக்க கடையில நின்னவன். முந்தாநேத்து நீரு வந்தீரு இல்லியா, அந்தச் சன்னலு வழியா உம்மளப் பாத்தான். ‘எனக்க அண்ணன் வந்திருக்கு, தீயலத் தின்னா தெரிஞ்சுப்போடும், இப்ப உள்ள வரும்’ணு கதவு பக்கத்துல போயி நிக்கான். நீரு வரல்ல. பின்ன அவந்தான் விளம்புத ஆளுகிட்ட இன்னொரு கரண்டி குடுத்தனுப்பினான். நீரு கையை விரிச்சீரு.”

அத்தான் திரும்பி அந்தச் சன்னலைப் பார்த்தார்.

“நீரு எறங்கிப் போனதும் அவன் அங்க இருந்து அழுதான். ‘தெரிஞ்சிருந்தும் வேண்டாம்ணு போயாச்சு, இனி நான் இந்தப் பக்கம் நிக்கப்பிடாது’ண்ணான். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். வேற ஆளு கிட்டுத வரைக்கும் ரெண்டு நாளு நில்லு மக்களேண்ணு கெஞ்சினேன். எனக்காவ நின்னான். இண்ணைக்குக் காலத்த கறி எல்லாம் வச்சு எறக்கிட்டுத்தான் போனான்.”

எங்கள் பஸ் திருவனந்தபுரத்தில் புறப்படுவதற்கு முன்பே அவன் லாரி ஏறியிருந்தான். அதற்குப் பிறகு நாங்கள் கொல்லம்வரைக்கும் போய்ப் பார்த்தோம். அக்கா ஏறாத கோவில் இல்லை. எங்கள் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த 1956-இல், அந்த ஐப்பசியில்தான் அத்தான் இறந்தார். அதுவரைக்கும் கோலப்பனிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை. கொள்ளி வைக்க அவன் வந்துவிடுவான் என்று அக்கா மதியம்வரை பிணத்தை எடுக்கவிடவில்லை. கடைசியில் நான் வைத்தேன். தெரியாமல்தான் அவர் கையை விரித்தார் என்பதை அவனிடம் சொல்ல எங்களுக்கு வழி கிடைக்கவே இல்லை. அவன் எங்கேயாவது உயிரோடு இருந்தால், அண்ணன் தன் தீயலை வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என்றே இன்றும் நினைத்துக்கொண்டிருப்பான்.

அன்று புதுக்கடையில் அத்தான் அந்த அடுக்களையிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஞானதாசனிடம், “அவன் காலையில வச்ச கறி மிச்சம் இருக்கா?” என்று கேட்டார்.

“தீயலு கொஞ்சம் கெடக்கு. சோறு தீந்துபோச்சு. கிழங்கு தரட்டா?”

“வேண்டாம். அது மட்டும் போடும்.”

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஞானதாசன் தானே இலை போட்டு, சட்டியோடு தீயலைக் கொண்டுவந்து விளம்பினார். வெறும் தீயல். அத்தான் அதை விரலால் வழித்து வாயில் வைத்தார். கண்ணை மூடவில்லை. மெதுவாகச் சாப்பிட்டார். இலை காலியானதும் நிமிர்ந்து பார்த்தார். ஞானதாசன் மறுபடி ஊற்றினார். மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கினார். வெறும் வயிற்றில் அவ்வளவு புளியும் எரிப்பும் ஆகாது என்று எனக்குப் பயமாக இருந்தது.

“அத்தான், போதும். வயித்துக்கு ஆகாது,” என்றேன்.

“பத்து வயசுல எங்கையில கிட்டினவன் மக்கா,” என்றார். கண்ணீர் மூக்கோரம் வழிந்து இலையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. “இப்பந்தான் அவன் வச்சதத் தின்னுகேன்.”

சட்டியில் ஒட்டியிருந்ததையும் வழித்துப் போடச் சொல்லி, அதையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தார்.